அட்டை வீட்டின் கதவு

சுண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "ம்" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒன்றும் பெயராது. கடிதத்தில் என்னைப் பாதியில் வெட்டிவிட முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

குழாய் ஒழுகுவது நின்றது. என் முதுகுவலி நிற்கவில்லை. அதை விடுங்கள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் இந்த மாதம் பிள்ளைகளை விடுமுறைக் கைவேலையில் உட்கார வைத்திருக்கிறார். ஆளுக்கொரு அட்டை வீடு, அதற்குத் திறந்து மூடுகிற கதவு. வீட்டில் இருக்கிறவர்களையும் லீவுக்கு வருகிறவர்களையும் காகிதத்தில் வெட்டி, வர்ணம் பூசி, கதவு வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். ஆனால் காகித ஆட்கள் டீச்சர் கையில்தான் இருப்பார்கள். பிள்ளை "வா" என்று கூப்பிட்டால்தான் ஆள் உள்ளே வரும். ஆறு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத நம் பெண்ணிடம் இது நடக்கிற காரியமா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

இரண்டு வாரம் நான்தான் கெடுத்தேன். அவள் உதட்டை அசைத்துத் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், காகித அம்மாவைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. டீச்சர் கோபப்படவில்லை. இனிமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். விரல் மரத்துப்போனது.

போன வியாழக்கிழமை டீச்சர் நீலச் சட்டை போட்ட ஆளை எடுத்தார். உங்கள் போட்டோவைப் பார்த்துச் சுண்டுவே பூசிய நீலம். பாதி முகமும் நீலம்தான். கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சொல்லிவிட்டாள். "வா."

நான் அழுதேன் என்று தனியாக எழுத வேண்டுமா என்ன.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: "புது வார்த்தைம்மா. சொன்னா உடனே பலன் கிடைக்கணும். கிடைக்கலைன்னா விட்டுடுவா."

அன்றிலிருந்து நம் வாசல் கதவு முன் நின்று "வா" என்கிறாள். நான் பின்கதவு வழியாக ஓடி, வீட்டைச் சுற்றி வந்து, வாசல் வழியாக நுழைகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார். நுழைந்ததும் சுண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். அப்புறம் அவளே கதவைச் சாத்துகிறாள்.

"அவ ஒரு வார்த்தை பேசட்டும், வந்துடறேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போய் இரண்டு வருடம். வேலைக்காகப் போனீர்களா, அவளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் போனீர்களா, நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்துப் பதினைந்து தடவை கூப்பிட்டாள். நேற்று இரண்டே தடவை. இன்று காலை கதவு முன் நின்றாள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. போனில் சொன்னால் "ம்" என்று வைத்துவிடுவீர்கள்; இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவோ நாலு நாள் ஆகும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு நாள் போதும், வாங்க. வந்து கதவைத் தட்டாதீர்கள், பெல் அடிக்காதீர்கள். அவள் கூப்பிடும்வரை வெளியே நில்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள். இந்தத் தடவை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் இருவருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
சுண்டுவின் அம்மா