தளபதி நின்ற மேடு

ஜூன் 3, செவ்வாய்

புறப்பட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு மாட்டுக் கொட்டகை முன்னால் வழி தீர்ந்து நின்றோம். வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன். உள்ளே மூன்று படுக்கை, ஓர் அடுப்பு, குனிந்து குனிந்தே நுழைய வேண்டிய ஒரு கழிப்பறை. மகள் ஓட்டுகிறாள். பக்கத்தில் நான், மடியில் வரைபடம். போன் சொல்லும் வழியை நான் நம்புவதில்லை. இடது பக்கம் திரும்பு என்றேன், "சரிம்மா" என்று திரும்பினாள். நில அளவை வேலையில் பதினோரு வருஷம், ஊராருக்கெல்லாம் எல்லை காட்டுகிறவள், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள். வளர்ப்பு அப்படி.

பின்னால் தூண்டில் கழிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், அது தப்பான வழி என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்றார். தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே?

ஜூன் 4

ஏரி. அவருக்கு ஒரு மீனும் சிக்கவில்லை. நான் அச்சுக்குப் போகவிருக்கும் என் வரலாற்றுப் புத்தகத்தின் மெய்ப்பில் நாற்பது பக்கம் திருத்திவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டு கோட்டைகள். முதலாவதில் நூற்றெண்பது படி. அவர் எண்பதிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதில் வழிகாட்டி அகழியின் ஆழத்தைத் தப்பாகச் சொன்னார், திருத்தினேன். மகள் யாரோ மாதிரி வேறு பக்கம் பார்த்தாள்.

நாளை போர்க்களம். முப்பது வருஷம் வகுப்பில் நடத்திய போர், நேரில் இப்போதுதான் பார்க்கப் போகிறேன். என் புத்தகத்தின் ஏழாவது அத்தியாயம் அது, தலைப்பு 'கோழை'. ஆற்றங்கரையில் தன் படை அழிவதை மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே குதிரையைத் திருப்பிய தளபதி. ஒரு பிள்ளையும் கொட்டாவி விடாத பாடம்.

ஜூன் 7, சனி

ஆறு தெரியவில்லை.

மேட்டின் மேல் தளபதி நின்ற இடம் என்று கல் நட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று கையை நீட்டி, அதோ ஆறு என்று அவரிடம் ஆரம்பித்தேன். கை காட்டிய திசையில் புல் மண்டிய இன்னொரு மேடு. மரம் வளர்ந்து மறைத்திருக்கும் என்றேன். மரமே இல்லையே என்றார். மகள் வேனுக்குப் போய் டீ போட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் அவள் என்னிடம்தான் படித்தாள். ஐந்து மார்க் கேள்விக்கு, வரைபடத்தில் நடுவே ஒரு மேடு இருக்கிறது, தளபதிக்கு ஆறு தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தாள். சைபர் போட்டேன். டீச்சர் பொண்ணுக்குச் சலுகை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதே என்று, அதை வகுப்பு முன்னால் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 8, ஞாயிறு

நான் அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? அவரைச் சிவப்புத் துண்டோடு ஆற்றங்கரைக்கு அனுப்பினேன். மகளை நடு மேட்டில் நிறுத்தினேன். நான் கல் பக்கத்தில். அரை மணி நேரம் கண் பூக்கப் பார்த்தும் துண்டு தெரியவில்லை. அவர் கை கடுக்க வீசிக்கொண்டுதான் இருந்தாராம். நடுவில் நின்றவளுக்கு நாங்கள் இருவருமே தெரிந்தோமாம்.

அப்படியென்றால் அந்த மனுஷன் ஒன்றையும் பார்க்கவில்லை. படை எப்போதோ ஆற்றைக் கடந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பியிருக்கலாம். கோழை என்று நான் யார் சொல்ல?

இறங்கி வந்தவளிடம் கேட்டேன்: "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சைபர் போட்டதுகூடப் பரவாயில்லம்மா. எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினியே. அதுக்கப்புறம் உன்கிட்ட எதையும் எடுத்துச் சொல்லணும்னே தோணல."

வளர்ப்பு என்று மூன்றாம் தேதி எழுதி வைத்திருக்கிறேன். பெருமையா வேற. என்னத்த வளர்த்தேன் — பிள்ளை வாயை நானே அடைச்சுட்டு.

ஜூன் 9

பதிப்பாளருக்கு போன் செய்து, ஏழாவது அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதப் போகிறேன், இன்னும் பத்து நாள் வேண்டும் என்றேன். முனகினார். முனகட்டும்.

கிளம்புவதற்கு முன் மறுபடி மேட்டுக்குப் போனோம். ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக் கூட்டம். அவர்களுடைய வழிகாட்டி கையை நீட்டி என் பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை தானாகத் திறக்கும். கல் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்கேருந்து ஆறு தெரியாது. முப்பது வருஷம் நானும் தப்பாத்தான் சொல்லிக் கொடுத்தேன். சரியா எழுதின ஒரே பொண்ணுக்கு சைபர் போட்டு, வகுப்பையே சிரிக்க வெச்சேன். இதோ நிக்கிறா, என் பொண்ணு."

கூட்டம் அவளைப் பார்த்தது. "போதும், வாம்மா," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். வேன் வரைக்கும் விடவில்லை.

ஜூன் 11, புதன்

அடுத்த ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பிரிவு. இடது பக்கம் திரும்பு என்றேன். "இல்லம்மா, வலது" என்றாள். வரைபடத்தைப் பிரித்து நீட்டினேன். "அது நான் ஸ்கூல் படிக்கும்போது போட்டதும்மா, மடிச்சு வை" என்றாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கால் மணி நேரம் வாக்குவாதம். பின்னால் அவர் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

வலது பக்கம் போனோம். ஏரி வந்தது. இடது பக்கமும் ஒரு வழி இருந்திருக்கும் என்றேன். அதற்கும் எதிர்த்துப் பேசினாள்.