மருது கெடுக்காத போல்ட்

1978 பிப்ரவரி 27, திங்கள்

காலையிலேயே சனியன் பிடித்த வேலை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று பட்டறைக்கு வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கீழ் போல்ட் சுலபமாக வந்துவிட்டது. மேல் போல்ட் எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத சந்தில். கை மட்டும்தான் போகும், அதுவும் தோல் உரிந்துதான் போகும்.

ஜப்பான் வண்டி. பதினாலு மில்லிமீட்டர் ஸ்பேனர் போட வேண்டும். அது கூட வேலை செய்யும் மருதப்பனிடம் இருந்தது, எங்களுக்கு மருது. நாலடி தள்ளித்தான் நின்றான், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெள்ளைக்காரன் லாரிகளில் பழகிய கை, பழைய இஞ்சு ஸ்பேனர் ஒன்பது-பதினாறை எடுத்தது. துளி லூஸ்தானே என்று இழுத்தேன். வழுக்கியது. ஆத்திரத்தில் இன்னும் இரண்டு இழுப்பு. போல்ட்டின் தலை உருண்டையாக மழுங்கிவிட்டது.

போர்மன் இப்ராஹீம் வந்து கத்தினார்: "பன்னெண்டரைக்குப் பிள்ளைங்கள ஏத்தணும்லா! யாரு கெடுத்தது?"

"ஏற்கெனவே மழுங்கித்தான் இருந்துச்சு. போன தடவ மாட்டினது மருதுதானே?"

என் வாய்தான் சொன்னது. நான்தான் சொன்னேன்.

மருது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேனுக்கு அடியில் படுத்து, ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை மழுங்கிய தலைமேல் சுத்தியலால் அடித்து இறக்கினான். நீளமான கைப்பிடி மாட்டி இழுத்தான். டக்கென்று விட்டுக்கொடுத்தது. வெளியே வந்து போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. அன்னிக்கு அவசரத்துல ஓவரா முறுக்கிட்டேன் போல."

நம்பிவிட்டான்! என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 28

மனைவி பிரிஜட் வைத்த மீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டேன். உப்பு கூடிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

மார்ச் 2, வியாழன்

அந்தப் போல்ட்டைக் காரணம் காட்டி இப்ராஹீம் மருதுவைப் பிரேக் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இனி டயர் மாற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும்தான். இந்தப் பட்டறையில் அவன் கைக்கு ஈடு கிடையாது. ஒரு கையால் ராட்செட் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டே தேக்கா மார்க்கெட்டில் நண்டு வாங்கிய கதை சொல்லுவான். கதை முடியும்போது வேலையும் முடிந்திருக்கும். அவனை டயர் உருட்ட விட்டிருக்கிறார்கள். வாயைத் திறடா இஞ்ஞாசி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திறக்கவில்லை.

மார்ச் 9

"அண்ணே, ஒரு தடவ பாத்துடுங்க."

டயர் மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறான். நட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு ஆறு தடவை கூப்பிட்டான். ஆறு தடவையும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்து, "சரியா இருக்கு மருது" என்றேன். "தேங்ஸ்ணே" என்றான். தூ!

மார்ச் 15, புதன்

நண்டுக் கதை எல்லாம் நின்றுபோயிற்று. எண்ணெய் வடிக்கும் அடித் திருகை முறுக்கிவிட்டு, கழற்றி, திரும்ப முறுக்குகிறான். "பிள்ளைங்க போற வண்டி இல்லண்ணே? என் கைய எனக்கே நம்ப முடியல." நான் அவன் கையைப் பார்த்தேன். அந்தப் போல்ட்டை எடுத்தபோது கிழிந்த காயம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 18, சனி

தவக்காலம். மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அந்தப் பொய்யை வாய்விட்டுச் சொன்னேன். சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார், கெடுத்ததைச் சரிசெய்யவும் சொன்னார். ஜெபமாலையை மட்டும் முடித்துவிட்டு, பாரம் இறங்கிவிட்டது என்று பிரிஜட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "சாமியார் முன்னால முட்டி போட முடியுது. மருது முன்னால நிக்க முடியலையா உங்களுக்கு?"

கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மார்ச் 20, திங்கள்

சொல்லிவிட்டேன். தேநீர் நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது.

"அந்தப் போல்ட்டக் கெடுத்தது நான். ஒன்பது-பதினாறு போட்டு இழுத்தேன். மருது மாட்டினது நல்லாத்தான் இருந்துச்சு."

இப்ராஹீம் வாய்க்கு வந்தபடி ஏசினார். நன்றாக ஏசட்டும். மருது மட்டும் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வாரமா வீட்டுல கேஸ் அடுப்பக்கூட ரெண்டு தடவ எழுந்து போய்ப் பாக்குறேன்," என்றான். "தெரிஞ்சுக்கிட்டேதான் என் வேலைய வந்து வந்து பாத்தீங்களா?"

ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டான். கடைசியில் 'அண்ணே' இல்லை.

மார்ச் 24, பெரிய வெள்ளி

பட்டறை லீவு. மருது வீட்டுக்குப் போகலாமா என்று சட்டை மாட்டினேன். எதற்கு? மன்னித்தேன் என்று அவனைச் சொல்ல வைக்கவா? கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

என்னோடு பேசுவதில்லை. சாப்பாடும் அந்தப் பக்கம்தான். ஆனால் பிரேக் வேலை திரும்ப அவனுக்கே வந்துவிட்டது. இன்று அதே பள்ளி வேன்.

அடியில் ராட்செட் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு பழைய வேகம். பக்கத்தில் நின்றவனிடம் நண்டு விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சத்தம் நின்றதும், பழக்கதோஷம், நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

வெளியே வந்தான். என்னைத் தாண்டிப் போய், "முடிஞ்சிருச்சு, எடுத்துட்டுப் போகலாம்" என்று டிரைவரிடம் சாவியைக் கொடுத்தான்.

என்னைக் கூப்பிடவில்லை.