கப்பலேறிய எட்டு மூட்டைகள்

பாகூர்,
தாது வருஷம் மாசி 14

சிரஞ்சீவி தங்கவேலுக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை செங்கமலமும் சௌக்கியம், கன்று போட்ட சிவப்புப் பசுவும் சௌக்கியம், மர்சேய் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை. பட்டாளத்தில் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் உடம்பில் போட்டுக்கொள். இனி விஷயத்துக்கு வருகிறேன், எழுதக் கை பரபரக்கிறது. நம் வீட்டு வேர்க்கடலை, உடைத்த மணிலாப் பயறு, கப்பல் ஏறிவிட்டது தம்பி, நீ இருக்கிற ஊருக்கே வருகிறது.

போன வருஷம் வரை தரகன் சொன்னதுதான் விலை என்பது உனக்குத் தெரியும், நாற்பது மூட்டை வைத்திருக்கிறவனுக்குக் கப்பலில் யார் இடம் கொடுப்பார்கள். இந்த வருஷம் வில்லியனூரில் இரும்புச் சாமான் வரவழைத்து விற்கிற சிவப்பிரகாசம், சரக்கு அனுப்புகிறவர்களும் தருவிக்கிறவர்களுமாக எங்கள் இருபத்திரண்டு பேரைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். எல்லார் மூட்டைக்கும் சேர்த்துச் சங்கமே கப்பல்காரரிடம் இடம் பேசி வாங்கியது. பாகூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வந்து வந்து போகுமே, ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் மூட்டையை இறக்கச் சொல்வார்களே, அதற்கும் சங்கம் முன்கூட்டியே ஒரே சீட்டு எழுதி வாங்கிவிட்டது. இருபது வண்டியும் ஒரு மூட்டைகூட இறக்காமல் போயிற்று, முதல் வண்டியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். கப்பல் பார்க்க நானும் வருவேன் என்று உன் அம்மாவும் ஏறிக்கொண்டாள். சங்கத்தில் ஒரே ஒரு கண்டிப்பு, தண்ணீர் தெளிக்காமல் காய் உடைக்க வேண்டும். ஈரப் பயறு ஒரு மூட்டை இருந்தாலும் கப்பலின் வயிற்றில் புழுங்கி அக்கம்பக்கத்து மூட்டையையும் கெடுத்துவிடுமாம். ஒருத்தன் சரக்கைக் கழித்துவிட்டால் அவன் இடம் காலியாகப் போகும், அந்தக் கூலி இருபத்திரண்டு பேர் தலையிலும் விழும்.

இப்போது உன் அப்பன் செய்த காரியத்தைக் கேள். காய்ந்த காயைக் கையால் உடைக்க ஆள்களுக்கு நாள் பிடிக்கிறது, கப்பல் போய்விடுமே என்ற அவசரத்தில் கடைசி எட்டு மூட்டைக்கு நம் பழைய வழக்கப்படி தண்ணீர் தெளித்துத் தடியால் அடிக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மா வேண்டாம் என்றாள், வாயை மூடு என்றேன். புதுச்சேரிக் கிடங்கு வாசலில் சங்கத்து ஆள் அந்தோணிசாமி ஒவ்வொரு மூட்டையாக முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். நம் மூட்டையில் விட்டவன் கையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இன்னாங்க பெரியவரே, தண்ணி தெளிச்சி ஒடச்சீங்களா என்று கேட்டான். வழியில் பனியில் நனைந்தது என்று கூசாமல் சொன்னேன். வண்டிக்குப் பின்னால் நின்ற உன் அம்மா, பனியும் இல்ல ஒண்ணும் இல்லபா, தண்ணிதான் தெளிச்சோம், எட்டு மூட்டை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

சிவப்பிரகாசம் கோபிக்கவே இல்லை. கப்பலுக்கு இன்னும் மூணு நாள் இருக்குது, கொட்டிக் காய வைங்க என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்ட வேண்டியவர்கள் பாய் கொண்டுவந்து விரித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பயற்றைத் துழாவிக் கொடுத்தார்கள், இரண்டாம் நாள் மேகம் கட்டியபோது இருபத்தொரு பேரும் ஓடிவந்து அள்ளினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மாட்டைத் திட்டினேன். மூன்றாம் நாள் அந்தோணிசாமி மறுபடி கையை விட்டுப் பார்த்து, போகலாங்க என்றான். சலங்குப் படகுகள் அலையில் ஏறி இறங்கி மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோனதைக் கடைசிப் படகு வரை நின்று பார்த்தோம். அதே கப்பல் திரும்பும்போது சங்கத்துக்குக் காய் உடைக்கும் மிஷின் வருகிறது, இனிமேல் தண்ணீர்ப் பேச்சே இல்லை. உன் அம்மாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பசி பேச வைத்துவிட்டது.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே வெந்நீர் கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கு. செங்கமலத்துக்கு மதகடிப்பட்டிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டோம். சகல பாக்கியமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் தபால் கப்பலில் முந்தி வந்துவிடும். சரக்குக் கப்பல் வந்ததும் லீவு கேட்டுத் துறைமுகத்துக்குப் போ. நம் எட்டு மூட்டைக்கும் உன் அம்மா சிவப்பு நூலால் வாய் தைத்திருக்கிறாள். அங்கே இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டு முழங்கை வரை கையை விட்டுப் பார். காய்ந்திருந்தால் அம்மாவுக்கு எழுது, சந்தோஷப்படுவாள். ஈரமாக இருந்தால் எனக்கு எழுது. சங்கத்தில் நானே போய்ச் சொல்கிறேன், இந்த முறை பனி என்று சொல்ல மாட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ஆதிமூலம்