மதில் வலம்

மார்ச் 11, 2025

பதவி உயர்வுப் பேனலில் என் பெயர் வந்துவிட்டது. துணை கலெக்டர்! வெளி மாவட்டத்தில்தான் போடுவார்களாம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் இவரே ஆரம்பித்தார். "மதி, சினேகாகிட்ட சொல்லிட்டேன். நீ விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடுவ, ரெண்டு பேரும் ஜெர்மனிக்கே வந்துடறோம், குழந்தைய நாங்களே வளக்கறோம்னு."

ஜெர்மனியில் இருக்கிற மகளுக்கு ஜூலையில் பிரசவம். இவர் ரிடையராகி வீட்டில் இருக்கிறார், சரி. என்னைக் கேட்க வேண்டாமா? குக்கரை வைத்தேன். எனக்கு ஏன் வாய் வரல?

மார்ச் 30

கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறாள் சினேகா. வேலையை விடப்போகும் அம்மாவுக்குப் பரிசாம். நல்ல பரிசு. வயிறு எரியுது.

ஏப்ரல் 12

பௌர்ணமி. இருவரும் கிரிவலம் போனோம். குபேர லிங்கம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டே வந்தார் மனுஷன். சொல்லவில்லை.

ஏப்ரல் 25, கப்பலில்

சாம்பார் இல்லை என்கிற ஒரு குறையைத் தவிர இவருக்கு எல்லாமே ஆனந்தம். என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கடலைப் பார்த்தாலும் ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது. இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, ரோட்ஸ் தீவு



துறைமுகத்தை ஒட்டியே பெரிய மதில். உள்ளே பழைய ஊர். கூழாங்கல் பாவிய தெரு, வாசலுக்கு வாசல் பூனை, எந்தச் சந்தில் நுழைந்தாலும் இன்னொரு சந்து. நீரூற்று இருந்த சதுக்கத்தில் ஒரு கடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இவரைக் காணோம். இரண்டு போனும் என் கைப்பையில். எப்போதும் என்னிடமே கொடுத்துவிடுவார், மகாராஜா!

மதிலை வெளியே ஒரு சுற்று சுற்றலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அங்கேதான் போயிருப்பார் என்று அகழிக்குள் இறங்கினேன். தண்ணீர் இல்லாத அகழி, நடக்கப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று முடிந்தது. ஆள் இல்லை. கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மதில் வாசலில் ஆரஞ்சு ஜூஸ் விற்கிற பெண்ணிடம் என் நெற்றியில் விரலால் இவருடைய விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு இழுத்துக் காட்டினேன். அவள் பாதையைக் காட்டி இரண்டு விரல் நீட்டினாள். இரண்டு தடவை போயிருக்கிறார்! அதுவும் நான் போன பக்கமாகவே.

புரிந்துவிட்டது. மதில் வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி நான் சுற்றுகிறேன், அவரும் அப்படியே முன்னால் போகிறார். எப்படிப் பார்ப்போம்? திரும்பி நடக்க வேண்டியதுதானே? கால் வரவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலமாகவே சுற்றிய கால். அண்ணாமலையாரே மன்னிச்சுடு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கொஞ்ச தூரத்திலேயே எதிரில் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை, முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாடி, எதிர்ல வர்ற?"

"நான் திரும்பலன்னா ரெண்டு பேரும் பொழுதுக்கும் சுத்திக்கிட்டே இருந்திருப்போம். நீங்க திரும்பக் கூடாதா?"

"இடமாவா? அது எப்படி..."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் வேலைய விடல. எனக்கு பிரமோஷன். துணை கலெக்டரு. எங்க போட்டாலும் போவேன்"னு கொட்டிட்டேன். நடுப்பாதையில, ஜனம் பாக்குது.

கப்பல் ஏறும்வரை என் கைப்பையை மட்டும் வாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 27

பேசவில்லை.

ஏப்ரல் 28

காலை டீக்கு உட்கார்ந்தபோது கேட்டார். "எப்ப வந்துது ஆர்டரு?"

"பேனல் மார்ச்ல. ஆர்டர் இனிமேதான்."

"அவ்ளோ நாளா மனசுல வச்சிருந்தியா?" கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சினேகாகிட்ட நானே பேசிக்கறேன். நீ நடுவுல வராத."

ஜூன் 3

ஆர்டர் வந்தது. நாகப்பட்டினம். சினேகா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஜூலை 19, நாகப்பட்டினம்

பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம். இவர் மட்டும் ஜெர்மனி போயிருக்கிறார்; ஆய்வுக்குப் போன இடத்தில் அப்பாவும் மகளும் வீடியோ காலில் வந்தார்கள். முட்டிமேல் துண்டு விரித்து, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பேத்தியைக் குளிப்பாட்டுகிறார் இவர். வெந்நீர் விளாவக்கூடத் தெரியாதவர். "அம்மா, அப்பா கை பட்டா அழவே மாட்டேங்கறா"ன்னு சினேகா சிரிக்கிறாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் குழந்தையின் ஈரத்தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கிளம்பலாங்களா, மேடம்?" என்றார் டிரைவர்.

கிளம்பச் சொன்னேன்.