அதிபர் மாளிகைச் சமையல்காரன்

மனாகுவா
2 ஜூலை 1979

அன்பு அக்கா சொக்கோரோவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள்? எத்தனை கடிதம் போட்டும் பதில் இல்லை. காவல்படைக்குச் சமைத்தாலும் நான் உன் தம்பிதானே? போராளிகள் நெருங்கிவிட்டார்கள், அதிபர் நிகரகுவாவை விட்டே ஓடிவிடுவார் என்று மாவு பிசைகிறவர்கள்கூட முணுமுணுக்கிறார்கள். கேப்டன் மட்டும், "இன்னும் இருபது வருஷம் நம்ம ஆட்சிதான்டா!" என்று கத்துகிறார். பின்கட்டுச் சிறையில் அடைத்திருக்கும் போராளிகளுக்கும் நான்தான் சோறும் பீன்ஸும் கொண்டுபோகிறேன். ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி
எவெனோர்

மசாயா
9 ஜூலை 1979

எவெனோர்,

மனாகுவா போய்வரும் பழக்காரம்மா உன் கடிதத்தைக் கொடுத்தாள். நேற்றும் உங்கள் விமானம் குண்டு போட்டது. பக்கத்து வீடு இருந்த இடம் தெரியவில்லை. போன செப்டம்பரில் என் கணவர் லிசாந்த்ரோவைச் சுட்டவர்களுக்குத்தான் நீ சமைத்துப் போடுகிறாய். "மாமா எப்பம்மா வருவாரு?" என்று சின்னவள் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்? இனி எழுதாதே. மூச்சிரைப்புக்கான மருந்தை மறக்காமல் சாப்பிடு.

சொக்கோரோ

மனாகுவா
17 ஜூலை 1979

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். விடிவதற்குள் அதிபர் விமானம் ஏறிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேப்டன் பெட்டி கட்டிக்கொண்டே, "உள்ள இருக்கறவங்களுக்கு இனிமே சாப்பாடு வேணாம். சாயங்காலம் கதையை முடிச்சிருவோம்" என்றார். சிறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஆனாலும் திறந்துவிடப் போகிறேன். நான் வராமல் போனால், மாமா கெட்டவன் இல்லை என்று குழந்தைகளிடம் சொல்.

எவெனோர்

மசாயா
21 ஜூலை 1979

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு முன்னால் தொமாசா வந்துவிட்டாள், நீ சிறையிலிருந்து திறந்துவிட்ட பெண். "முதல்ல பூட்டுத் திறக்கல. தன்னையே திட்டிக்கிட்டாரு. அப்புறம், 'செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுங்க'ன்னாரு. நடக்க முடியாத ஒருத்தரை அவரே தோள்ல தூக்கிக்கிட்டாரு" என்றாள். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கவே முனகுவாயே நீ!

நீயும் நீ தூக்கிவந்தவரும் செஞ்சிலுவை முகாமில் பத்திரமாக இருப்பது இன்றுதான் தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். காவல்படை ஆட்களையெல்லாம் கைது செய்கிறார்கள் என்றதும், தொமாசா இங்குள்ள போராளிகளின் தளபதியிடம் போய், "அவரைக் கைது பண்ணினா என்னையும் சேத்துப் பண்ணுங்க!" என்று சண்டை பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே உன் விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டார்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை நானே உன்னை அழைத்துப்போக வருகிறேன். போராளிகள் ஜெயித்ததில் தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கிறது, காவல்படைச் சீருடையோடு வராதே. லிசாந்த்ரோவின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். உனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். பரவாயில்லை, போட்டுக்கொள்.

உன் அக்கா
சொக்கோரோ