கற்றாழை திரும்பிய பக்கம்

இன்று காலை சின்ன அறையின் யன்னலடிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு போனேன். உங்களுடைய கற்றாழைக்குத் தண்ணீர் விடுகிற நாள். சட்டியை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. இவ்வளவு காலமும் விசிறி மாதிரி இரண்டு பக்கமும் இலை விட்டுக்கொண்டிருந்த சனியன், நடுவிலே திரும்பத் தொடங்கிவிட்டது. புது இலைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. எந்தப் பக்கம் திரும்பியது என்று இப்போது சொல்லமாட்டேன். நீங்கள் என்னை எத்தனை வருடம் காக்க வைத்தீர்கள். நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

இந்தக் கற்றாழை மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அடுத்த வீட்டுக்காரியின் நகையைப் பார்த்துக்கூட எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

நீங்கள் லெசோத்தோவுக்கு உயிரியல் படிப்பிக்கப் போனபோது நான் ஊரில், கொக்குவிலில், வயிற்றுப் பிள்ளையோடு நின்றேன். எங்கள் வாத்தியார்மார் ஆபிரிக்காவுக்குக் கூட்டமாகப் போன காலம் அது. இரண்டு வருடம் என்றுதான் சொன்னீர்கள். அது நீண்டுகொண்டே போனது. முதல் கடிதங்களில் குளிரும் சம்பளமும் சாப்பாடும் இருந்தன. பிறகு அந்தச் செடி வந்து புகுந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மலைச் சரிவில், புல்லுக்கு நடுவே நிற்கிறதாம். ஐந்து வரிசையாக இலை சுற்றிக்கொண்டு போகிறதாம். சிலது வலம் சுற்றுமாம், சிலது இடம் சுற்றுமாம். உலகத்திலே வேறெங்கும் தானாக வளராதாம். நான் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தேன். பதில் கடிதத்தில் பிள்ளைக்கு ஒரு வரி, கற்றாழைக்கு ஒரு பக்கம்.

கற்றாழை! எங்கள் வேலியோரத்தில் ஆடுகூட வாய் வைக்காத சாதி. அதற்குப் போட்டியாக நான் இருக்க வேண்டி வந்ததே என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

அந்தப் படமும் வந்தது. நீங்கள் ஒரு கம்பளியைப் போர்த்துக்கொண்டு செடிக்கு ஒரு பக்கம் குந்தியிருக்கிறீர்கள். மறுபக்கம் லினெயோ. அதே பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவ, கைம்பெண், வளர்ந்த பிள்ளைகளின் தாய். இரண்டு பேரும் வாய் கொள்ளாமல் சிரிக்கிறீர்கள். எங்கள் கலியாணப் படத்தில் நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை. நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் என்றால் இரண்டு நாள் சண்டை பிடித்து முடித்திருப்பேன். அவவுக்கு அந்த மலை தெரியும், அந்த வருடங்களின் உங்களைத் தெரியும். எனக்குத் தெரியாது. அதற்கு யாரோடு சண்டை பிடிக்க?

பிறகு அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேலில் ஒன்று சேர்ந்தோம். மகள் உங்களை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுவிட்டு என் சேலைக்குப் பின்னால் ஒளித்தாள். உங்களுக்குப் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை. பெட்டி தூக்கிவிட்டு வந்து முகம் கழுவி, குசினி மேசையில் இருந்து லினெயோவுக்குக் கடிதம் எழுதுவீர்கள். லெசோத்தோவில் அழிந்துபோகிற தாவரங்களுக்கு ஒரு பட்டியல் செய்தார்கள். இந்தச் செடியை அதில் எந்தப் படியில் வைப்பது என்பதுதான் பிரச்சினை. அருகி வருகிறது என்பதா, அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதா? தோண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், ஆனாலும் வேரோடு பிடுங்கித் தெருவோரத்தில் விற்கிறார்களாம். வாங்கிப் போகிறவர்களின் தோட்டத்தில் அது பிழைப்பதும் இல்லையாம். எந்தச் சரிவில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொன்னால்தான் படி தீர்மானிக்கலாமாம். உங்கள் சரிவுக்கு நீங்கள் வருடக்கணக்காக எண்ணி வைத்திருந்தீர்கள்.

பார்க்டேல் சனம் முழுக்கத் தங்கள் அகதிக் கேஸுக்கு அலைந்தது. நீங்கள் ஒரு கற்றாழைக்குக் கேஸ் நடத்தினீர்கள்.

அங்கேயிருந்து நீங்கள் ஒரு விதைகூடக் கொண்டு வரவில்லை. “மலையிலையிருந்து எடுத்தால் அது களவு” என்றீர்கள். உங்கள் நேர்மையில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, சனியன் என் வீட்டுக்குள் வராது என்று. வந்தது. செடிப் பிரியர்களின் கண்காட்சி ஒன்றில், கண்ணாடி வீடு வைத்திருந்த ஒரு கிழவரோடு கதைத்திருக்கிறீர்கள். தோட்டத்துச் செடியின் விதையில் தான் முளைக்க வைத்த கன்று ஒன்றை அவர் தூக்கித் தந்துவிட்டார். அதைக் கோட்டுக்குள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தீர்கள். ஆசுப்பத்திரியில் இருந்து மகளை நான் கொண்டு வந்ததும் அப்படித்தான். அதைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கவில்லை.

“இஞ்சாரும், உதைப் பாரும்” என்றீர்கள்.

“இதென்ன, எங்கடை வேலிக் கத்தாளை மாதிரிக் கிடக்கு. சுத்தும் எண்டியள்?”

“சின்னனிலை சுத்தாது. வளர வேணும். சில வருசம் எடுக்கும்.”

“அப்ப இனி அங்கை அழிஞ்சாலும் பரவாயில்லை. இஞ்சை ஒண்டு நிக்குதுதானே?”

“சட்டியிலை நிக்கிறதைக் கணக்கிலை எடுக்கிறேல்லை. மலையிலை தானா நிக்கிறதைத்தான் எண்ணுறது.”

“அப்ப பார்க்டேலிலை நிக்கிற எங்களை ஆர் எண்ணுறது?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சட்டியை எங்கே வைக்கலாம் என்று யன்னல் யன்னலாகத் திரிந்தீர்கள்.

அதற்குக் குளிர் வேண்டும் என்று சின்ன அறையின் ஹீற்றரை நிற்பாட்டினீர்கள். பெப்ரவரி மாதத்தில் யன்னலை விரலளவு திறந்தும் வைப்பீர்கள். “மனிசருக்குக் குளிர், கத்தாளைக்கு மலைக்காத்தோ?” என்று நான் கத்துவேன். மகள் ரீவியைவிட்டுக் கண்ணெடுக்காமல், “அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ பிளான்ற்” என்பாள். அவளுக்கு என்ன தெரியும்?

பந்தயம் பிடித்தது அந்தக் காலத்தில்தான். அது வலம் சுற்றும் என்றீர்கள். எதிர்க்க வேண்டுமென்றே நான் இடம் என்றேன். தோற்றவர் சாகும்வரை காலைத் தேத்தண்ணி போட வேண்டும். கை அடித்துச் சத்தியம் பண்ணினோம். பிறகு நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் குனிந்து பார்ப்பீர்கள். நானும் நீங்கள் வேலைக்குப் போன பிறகு போய்ப் பார்ப்பேன். அதை உங்களுக்குச் சொன்னதில்லை.

பிறம்ரனில் வீடு வாங்கிப் பால் காய்ச்சின நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒஷாவாவில் இருந்து உங்கள் அக்கா, என் மச்சாள், விடியவே வந்துவிட்டா. நான் குசினியில் பாயாசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் ஐயரைக் கூட்டிவரப் போயிருந்தீர்கள். சனம் வரத் தொடங்கின நேரம் வாசலில் உங்கள் குரல் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், வாசல் நிலைக்கு மேலே சிவப்புக் கயிற்றில், வேர் மேலே, இலை கீழே, தலைகீழாகத் தொங்குகிறது உங்கள் கற்றாழை.

“என்னக்கா உது?”

“கண்ணூறுக்குத்தான் தம்பி. புது வீடு, வாற சனத்தின்ரை கண்ணெல்லாம் இதிலைதான். உன்ரை மனுசி ஒரு கத்தாளை வாங்கிக் கட்டேல்லை. அறைக்குள்ளை சும்மா கிடந்துது, எடுத்துக் கட்டினனான்.”

“அக்கா, உது உலகத்திலையே ஒரு மலைநாட்டிலைதான் நிக்குது.”

“அப்ப இன்னும் நல்லது. ஒரு கண்ணூறும் கிட்ட வராது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டேன். பட்டு வேட்டியோடு ஸ்ரூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தீர்கள். வந்த சனம் வாசலில் நிற்க, நீங்கள் சின்ன அறைக்குள் போய் நிலத்தில் இருந்து மண்ணைப் பிசைந்தீர்கள். ஐயருக்குத் தட்டம் கொடுத்தது நான். பந்தியில் பரிமாறினதும் நான். ‘மாப்பிள்ளை எங்கை?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துச் சமாளித்ததும் நான். எனக்குப் பற்றி எரிந்தது. சனத்தின் கண்ணுக்குப் பயந்து மச்சாள் அதை வாசலில் கட்டினா. கண்ணூறு உள்ளே பாயாசம் கிண்டிக்கொண்டு நின்றது அவவுக்குத் தெரியாது.

ஆனால் அது சாகவில்லை. கற்றாழை அல்லவா. ஒரு மாதம் சோர்ந்து கிடந்துவிட்டு இலை விட்டது.

அடுத்த மாரியில் லினெயோவின் கடிதம் வந்தது. வேலையால் வந்த கையோடு தபாற்பெட்டியில் எடுத்து, காருக்குள் திரும்பிப் போய் இருந்து வாசித்தீர்கள். அரை மணித்தியாலமாக ஆளைக் காணவில்லை என்று நான் சப்பாத்தும் போடாமல் ஸ்னோவில் இறங்கி வந்தேன். கார்க் கண்ணாடியை இறக்கினீர்கள்.

“எங்கடை சரிவைத் துடைச்சுப் போட்டாங்கள். ஒண்டும் இல்லையாம்” என்று சொல்லிவிட்டு அழுதீர்கள்.

கொக்குவில் வீடு குண்டு விழுந்து தரைமட்டம் என்று செய்தி வந்த நாளில், “சரி, கல்லுத்தானே” என்ற மனுசன் நீங்கள். எனக்காக இப்படி ஒரு நாள் அழுதிருப்பீர்களா என்று அந்த ஸ்னோவில் நின்று நினைத்தேன். உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். ‘எங்கடை சரிவு’ என்ற அந்தச் சொல்லில் நான் இல்லை. அதுதான் குத்தியது.

போன மாரியில் வேலைக்குப் போன இடத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. செத்தவீடு முடிந்த கிழமை லினெயோ போன் எடுத்தா. அந்த நாட்டு வழக்கப்படி என்னை ‘மே’ என்று கூப்பிட்டா. அம்மா என்று அர்த்தமாம். அழுதா. நானும் அழுதேன். பிறகு, “செடி எப்படி இருக்கிறது?” என்று கேட்டா. செத்தவீட்டிலும் கற்றாழையின் சுகம் விசாரிக்க ஒரு ஆள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்திருப்பேன். அதற்குள் அவ பட்டியலைப் பற்றிச் சொன்னா. செடியை மேல் படிக்கு ஏற்றிவிட்டார்களாம், உங்கள் எண்ணிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறதாம். நான் “நல்லது” என்றேன். “இல்லை மே, மேலே போனால் அழிவுக்குக் கிட்ட” என்றா. உங்கள் சரிவில் முன்பு நின்றதையும் இப்போது ஒன்றும் இல்லாததையும் காட்டித்தான் ஏற்றினார்களாம். நீங்கள் எண்ணியிருக்காவிட்டால், போனது போனதென்றுகூட ஒருவருக்கும் தெரிந்திருக்காதாம்.

பிறகு சொன்னா, நான் கேட்காமலே. ஊரில் தபால் நின்று, என் கடிதம் வராத காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் தனியே அந்தச் சரிவில் ஏறுவீர்களாம். முழுவதையும் எண்ணுவீர்களாம். ஒன்றும் குறையாவிட்டால் இறங்கி வந்து, “என்ரை மனுசி சுகமாய் இருக்கிறா” என்று எல்லாருக்கும் சொல்வீர்களாம். அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க என் பெயர் தெரியுமாம்.

நான் போனைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த ஒன்று, கொக்குவிலில் பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்னை நினைப்பிருக்கிறதோ என்று ஏங்கினவளுக்குத் தெரியாது. காருக்குள் நீங்கள் அழுத அன்றுகூட ஏன் சொல்லவில்லை? அந்த அழுகையில் எனக்கும் பங்கு இருந்ததென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியதை லினெயோவுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களை நினைத்து உருகினேன். உருகிக்கொண்டே அவவில் பொறாமைப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று இவ்வளவு வயதுக்குப் பிறகு படித்தேன்.

வைக்கும் முன் லினெயோ ஒன்று கேட்டா. செடி திரும்பினால் உடனே சொல்ல வேண்டுமாம். எந்தப் பக்கம் என்று அவவுக்கும் ஆசையாம். எங்கள் பந்தயத்தையும் எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்!

அப்போதிருந்து சின்ன அறையின் ஹீற்றரை நான்தான் நிற்பாட்டி வைத்திருக்கிறேன். பெப்ரவரியில் யன்னலையும் விரலளவு திறந்தேன். மகள் கேட்டாள், “ஏனம்மா?” என்று. “கொப்பாவின்ரை சாமானடி” என்றேன். வேறென்ன சொல்ல?

சரி, இனிக் கேளுங்கள். இடம். இடம் பக்கம்தான் சுற்றுகிறது. நான் வென்றுவிட்டேன். காலைத் தேத்தண்ணியை நானே போட்டு, நானே குடித்துவிட்டு, வெறுங் கோப்பையோடு இந்த யன்னலடியில் இருந்து எழுதுகிறேன்.

லினெயோவின் நம்பர் மேசையில் கிடக்கிறது. போன் கார்ட்டும் பக்கத்திலே இருக்கிறது. நாளைக்குக் கட்டாயம் எடுப்பேன், பாவம், அவவும் காத்திருக்கிறா. ஆனால் இன்றைக்கு எடுக்கமாட்டேன். உங்களைப் பற்றிய எல்லாம் அவவுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. இதையாவது ஒரு நாள் முழுக்க நான் மட்டும் வைத்திருக்கிறேன்.