சத்தத்துக்குச் சிவப்பு அட்டை

15 ஆகஸ்ட் 2007, புதன்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர். ஆகஸ்டில் ஸ்வெட்டர் போடுகிறோம் என்றால் சொந்த ஊர் விருதுநகரில் இன்னும் ஒருவரும் நம்புவதில்லை. கம்பெனியில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஒன்பதரைக்கெல்லாம் விட்டுவிட்டார்கள்.

இன்றைய வேலை:
கேஸ் சிலிண்டர் பதிவு
நித்யா ஷூவுக்குப் பாலிஷ்
கம்ப்யூட்டரில் இடம் பண்ணுவது

மூன்றாவதுதான் தலைவலி. சூப்பர்வைசர் தேர்வுக்கு டிராயிங் சாஃப்ட்வேர் பழக வேண்டும். அதைப் போட இடமில்லை. நாற்பது ஜிபி டிஸ்க்கில் மிச்சம் அறுநூறு எம்பி. பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருப்பது மகள் நித்யா. அவளுக்கு இரண்டு, மூன்று வயதில் மச்சான் கேமராவில் எடுத்த ஒன்பது வீடியோ. கேசட் இல்லை. மச்சான் அதே கேசட்டில் ஊட்டியையும் திருப்பதியையும் எடுத்துத் தள்ளிவிட்டான். கம்ப்யூட்டரில் இருப்பதுதான் மிச்சம்.

எவ்வளவு பெரிசு என்று பார்க்கத் திறந்தேன். ஒரு மணி நேரம் போய்விட்டது. சிப்காட் பின்னாலிருந்த லைன் வீடு. ஆறு வீடு, ஒரு குழாய். நாங்கள் மூன்றாவது, ரத்னம்மா நான்காவது. வாளிகள் வரிசையாக நிற்கின்றன. பச்சை வாளி எங்களுடையது. அதை எப்போது தூக்கிப்போட்டோம்? விஜயாவைக் கேட்டேன். "வீடு மாறயில ஒடஞ்சு போச்சுங்க" என்றாள். வீடியோவில் அவள் அவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறாள். சொல்லவில்லை.

கேஸ் பதிவு மறந்துவிட்டது.

16 ஆகஸ்ட், வியாழன்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பிரஸ் ஷாப்பில் ஆயில் கசிவு. காண்டீனில் புளியோதரை, காய்ந்து போய்.

சரவணனிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் செக்‌ஷன். "ஏவிஐயா வச்சிருக்கீங்களா? அதான் பூதம் மாதிரி உக்காந்திருக்கு. சின்ன ஃபார்மேட்டுக்கு மாத்துங்க சார், இருபத்தாறு ஜிபி ஒண்ணரையா சுருங்கிரும்." கன்வர்ட்டர் இருக்கும் சிடி கொடுத்தான். படம் கொஞ்சம் மங்குமாம். மங்கட்டும். எனக்கே கண் மங்குகிறது.

18 ஆகஸ்ட், சனி

வீக்லி ஆஃப். காலை ஏழரைக்கே ஆரம்பித்தேன். முதல் வீடியோ எண்பது சதவீதம் போனபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

காத்திருக்கும் நேரத்தில் மற்றவற்றைப் பார்த்தேன். நித்யாவின் மழை நனைதல். நித்யாவும் பூனையும். ரத்னம்மா ஊட்டுவது. மூன்று வீடியோவில் ரத்னம்மாதான். எங்கள் இருவருக்கும் ஷிஃப்ட் மோதினால் நித்யா அவரிடம். ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் காலை வேலை, ஒரு மணிக்கு வந்துவிடுவார். கையெல்லாம் முள் கிழித்த கோடு. அந்தக் கையால்தான் களி உருட்டி ஊட்டுவார். எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், நித்யாவிடம் மட்டும் தெலுங்கு. "கொழந்தைகிட்ட பொய் பாஷை பேசக் கூடாது சார்" என்பார். நித்யா முதலில் பேசியதே தெலுங்குதான். அம்மாக்காரி வி.க்கு அப்போது அழுகை. போன வருஷம் மஞ்சள் காமாலையில் ரத்னம்மா போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது. ஒரு தீபாவளிக்காவது புடவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். எடுத்துக் கொடுக்கவில்லை.

கன்வர்ட்டரில் 'ஆடியோ' என்று ஒரு கட்டம். டிக் எடுத்தால் சத்தம் போய்விடும். ஃபைல் இன்னும் சிறுக்கும். யோசித்தேன். எல்லா வீடியோவிலும் பின்சுவர் பட்டறை கம்ப்ரசர் டடடடவென்று. அதற்கு மேல் ஐந்தாம் வீட்டு டிவி. கல்யாண வீடியோவிலேயே யார் பேசுவதை எவன் கேட்கிறான்? பாட்டு போட்டுவிடுகிறார்கள். நாமும் நல்லதாக நாலு பாட்டு போட்டுவிட்டால் போச்சு. கம்பெனியில் ஒழுங்குக்கு நடத்திய ஃபைவ் எஸ் வகுப்பில் முதல் பாடமே அதுதானே. தேவை, தேவையில்லை என்று பிரி. தேவையில்லாததற்குச் சிவப்பு அட்டை. போன வருஷம் பிளான்ட்டில் எனக்குத்தான் முதல் பரிசு, டிபன் கேரியர்.

டிக் எடுத்துவிட்டேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

கரண்ட் போகவில்லை. ஒன்பதும் முடிந்தது. படம் சுமார். பழைய ஃபைல்களைக் கீபோர்டில் ஷிஃப்ட் அழுத்தி நிரந்தர டிலீட். அப்புறம் டிஃப்ராக் ஓடவிட்டேன். சிதறிக் கிடந்த கட்டமெல்லாம் நகர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொண்டது. பார்க்கவே சுகம். டிராயிங் சாஃப்ட்வேரும் ஏறிவிட்டது.

வி.யிடம் காட்டினேன். "இம்புட்டு எடமா?" என்றாள். மட்டன் எடுத்துவரச் சொன்னாள். நல்ல நாள்.

20 ஆகஸ்ட், திங்கள்

ஷிஃப்ட் முடிந்து வந்தால் வாசலில் பைக். நாகராஜ், ரத்னம்மா மகன். லேத் ஆபரேட்டர், இப்போது மீசையெல்லாம் முறுக்காக. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், பெண் சூளகிரிப் பக்கம், பேர் பவித்ரா.

வி. காபி கொடுத்தாள். பையன் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ண்ணா, ஒண்ணு கேக்கணும். நித்யாவ வீடியோ எடுப்பீங்களே, அதுல எங்கம்மா இருக்குதா?"

"இருக்கா இல்லையாவா? மூணு வீடியோ உங்கம்மாதான்டா."

"பேசறது இருக்குதா ண்ணா? போட்டோ இருக்குது. கொரல்தான் எங்கயுமே இல்ல. பவித்ரா எங்கம்மாவ பாத்ததே இல்ல. கொரலாச்சும் கேக்கட்டும்னு."

"சிடி போட்டுத் தாரேன்டா. கல்யாணத்துக்கு அதான் என் மொய்யி" என்றேன், பெரிய இவனாட்டம்.

அவன் கண் கலங்கிவிட்டது. பைக் தெருமுனை திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. டிக்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

21 ஆகஸ்ட், செவ்வாய்

சரவணனைப் பிடித்தேன். அழித்ததை எடுக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு என்று உற்சாகமாக ஆரம்பித்தான். "அழிச்சப்புறம் வேற ஒண்ணும் பண்ணலயே சார்?"

"டிஃப்ராக் பண்ணேன். டிராயிங் ஏத்துனேன்."

"அப்புறம் எப்பிடி சார், அழிச்ச எடத்து மேலயே இதெல்லாம் ஏறி உக்காந்திருக்குமே" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். சத்தத்தை எடுத்ததில் மொத்தமே நூற்றுச் சொச்சம் எம்பிதான் மிச்சமாகியிருக்குமாம். அது எனக்கு வேண்டாத தகவல்.

22 ஆகஸ்ட், புதன்

வெயில். மச்சானுக்கு போன். கேசட் எதுவும் மேலே எடுக்காமல் இருக்கிறதா? "அதுலயெல்லாம் பாப்பா காதுகுத்து இருக்கு மாமா. ஏன்?" சும்மா என்றேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ. அங்கும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். அரை நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "படமே துண்டு துண்டா வருது, சவுண்டு சுத்தமா இல்லீங்க. வேணும்னா சோகப் பாட்டு ஒண்ணு போட்டுத் தரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரத்னம்மா குரல் எப்படி இருந்தது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பு. 'சார்' என்று கூப்பிடும்போது கடைசியில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வருகிறது. நாலு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல்.

24 ஆகஸ்ட், வெள்ளி

வரலட்சுமி விரதம். எதிர்வீட்டில் கலசம், வி. தாம்பூலம் வாங்கி வந்தாள். நாகராஜ் போன் பண்ணினான். "ண்ணா, சிடி?" கம்ப்யூட்டர் ரிப்பேர், கல்யாணம் முடிஞ்சு தாரேன் என்றேன். "பரவால்ல ண்ணா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க." அவன் என்னைச் சமாதானப்படுத்துகிறான்.

வி. கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். "கம்ப்யூட்டர் எங்க ரிப்பேரு?" எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. குங்குமத்தைச் சாமி மாடத்தில் வைத்தாள்.

"நம்ம பிள்ளை கொரலும்தானங்க போச்சு" என்றாள்.

அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நாளாக ரத்னம்மா, ரத்னம்மா என்றே அலைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் சொன்னாள்: "கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். நீங்க கெட்டிக்காரனும் இல்ல. மூஞ்சியப் பாத்துச் சொல்லிருங்க."

26 ஆகஸ்ட், ஞாயிறு

கல்யாணம். சூளகிரி மண்டபம், நல்ல கூட்டம். மூன்று பாஷையிலும் மைக்கில் அழைத்தார்கள். மணமேடை ஓரம் நாற்காலியில் ரத்னம்மா போட்டோ, ரோஜா மாலை. அவர் வேலை செய்த தோட்டத்திலிருந்து வந்த ரோஜாவாம். தாலி கட்டியதும் இருவரும் முதலில் அந்த நாற்காலியைத்தான் கும்பிட்டார்கள்.

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். மாலையும் கழுத்துமாக நிற்பவனிடம் எப்படிச் சொல்வது? பாத்திரம் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டாவது முறையும் வாங்கினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வி. செவ்வாய்க்கிழமை விருந்துக்கு அழைத்துவிட்டாள். வேண்டுமென்றேதான்.

27 ஆகஸ்ட், திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஒன்றும் எழுத ஓடவில்லை. கோழி சொல்லியாயிற்று. வாழையிலை, வெற்றிலை, ஐஸ்கிரீம்.

28 ஆகஸ்ட், செவ்வாய்

மேகமூட்டம். ஐந்து மணிக்கு வந்தார்கள். பவித்ரா அதிகம் பேசாத பெண். நித்யா அவள் வளையலை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. கன்வர்ட்டர், டிக், கம்ப்ரசர் சத்தம், எல்லாம். "ரிப்பேருன்னு சொன்னது பொய்டா. நான்தான் அழிச்சேன். எடம் வேணும்னு அழிச்சேன்."

நாகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை. "படமாச்சும் இருக்குதுல்ல ண்ணா?" என்றான்.

போட்டேன். லைன் வீட்டு வாசல். ரத்னம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் தட்டு. மூன்று வயது நித்யா குழாயடிக்கு ஓடி ஓடித் திரும்பி வருகிறாள். ரத்னம்மா வாய் அசைகிறது. ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும், அதுவும் எங்கள் வீட்டு ஃபேன்.

"ஏன்ப்பா சவுண்டு வரல?" என்றாள் நித்யா. வி. அவளைத் தொட்டு அடக்கினாள்.

ரத்னம்மா ஒரு உருண்டையை எடுத்துக் கை நீட்டினார். அப்போது நாகராஜ் சன்னமாகச் சொன்னான்.

"ஒக்க முத்த தினும்மா."

தெலுங்கில், ஒரே ஒரு உருண்டை தின்னச் சொல்வது. சரியாக அந்த உதட்டோடு. கடைசியில் அந்த இழுப்பு. பஸ்ஸில் எவ்வளவோ யோசித்தும் வராத இழுப்பு.

திரையில் குழந்தை தலையாட்டியது. பக்கத்தில் நின்ற நித்யா, ஏழு வயது, தெலுங்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று சாதிப்பவள், "வத்து" என்றாள். வேண்டாம் என்று. சொல்லிவிட்டு அவளே முழித்தாள்.

நாகராஜ் மறுபடி போடச் சொன்னான். போட்டேன். அவன் சொல்ல, இவள் வத்து என்றாள். வி. சிரித்தாள், முந்தானையால் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். கோழி ஆறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை ரத்னம்மா கை நீட்டியபோது நாகராஜ் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. உதடு திரையில் அசைந்துகொண்டே இருந்தது.

பவித்ரா சொன்னாள். "ஒக்க முத்த தினும்மா." இழுப்போடு.

நித்யா அவளைப் பார்த்து, வத்து சொல்லாமல், உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.